படியில் நிறுத்திய காவடி

ஆடிக் கிருத்திகை, இரவு.

படுத்தால் அந்த அம்மாளின் கால்கள்தான் கண்ணில் நிற்கின்றன.

காலையில் திருத்தணி மலைப்படியில் மூச்சு வாங்க நின்றபோது என் மெட்டு கேட்டது. ஒரு காலத்தில் கல்யாணம், காலேஜ் பஸ், ரிங்டோன் என்று எங்கும் ஒலித்த என் ஒரே ஹிட் பாட்டு. காதல் வரிகளை எடுத்துவிட்டு முருகன் பேரைப் போட்டு ஒரு காவடிக் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. முன்னால் புஷ்பக் காவடியோடு அந்த அம்மாள். நிறுத்தி, "இது நான் போட்ட மெட்டும்மா" என்றேன்.

"இல்லீங்க, இது முருகர் பாட்டு. அம்மையார்குப்பத்துல தறி ஓட்டிகினே பாடுவோம். சினிமாக்காரங்கதான் எட்த்துக்கினாங்க."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். போனை எடுத்து அந்தப் பாட்டின் வீடியோவைப் போட்டேன். அவர் மரியாதையாக நின்று கேட்டார். படிக்கல் சுட்டிருக்க வேண்டும். ஒரு காலை ஊன்றுவதும் மறு காலைத் தூக்குவதுமாக இருந்தார்.

அவர் கணவர்தான் தயங்கிக் கேட்டார். "சார், சன்னதி போறவரைக்கும் காவடிய கீழ எறக்கக் கூடாதுங்க. பாட்டு இன்னும் எவ்ளோ நேரம்?"

"இதோ, கடைசியிலதான் என் பேர் வரும்" என்றேன்.

பேர் வந்தது.

"எங்க பாட்ட நல்லா பாடிக்கீறாங்க" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு, காவடியைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார்.

வெயிலில் திரை சரியாகத் தெரியாது என்று, அவ்வளவு நேரமும் நான் மண்டப நிழலில் நின்றுகொண்டுதான் போனை நீட்டியிருந்தேன்.