ஒரு சுரம் கீழே

ஜனவரி 12, 1954 – செவ்வாய்

நேற்று ஹாரோகேட்டில் கச்சேரி. கடைசிப் பாட்டின் உச்சச் சுரம் தானாக வந்து நின்றது. நாற்பத்தெட்டு வயதில் யாருக்கு இப்படி வரும் என்று ரயிலில் திரும்பும்போது எனக்கே பெருமை.

இன்று காலை லீட்ஸில், வீட்டுப் பியானோவில், அதே இடத்தைப் பாடிப் பார்த்தேன். குரல் கிழிந்தது. மறுபடி பாடினேன். மறுபடியும் கிழிந்தது. மூன்றாம் தடவை தங்கை ஈனிட் அடுக்களையிலிருந்து கத்தினாள்: "அக்கா, பூனையை மிதிச்சிட்டியா?"

சிரிப்பு வரவில்லை. நேற்று வந்தது இன்று எங்கே போயிற்று?

ஜனவரி 14

இன்றும் வரவில்லை. வீட்டில் யாரும் கைதட்டுவதில்லை, அதனால்தான் வரவில்லை என்கிறாள் ஈனிட். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் இருந்தால்தான் பாடுவேனா?

ஜனவரி 19

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை வரவழைத்தேன். இந்த ஈரக் குளிரில் கம்பிகளின் சுருதி ஏறியிருக்க வேண்டும், வேறு என்ன. அவர் இசைக்கவையைத் தட்டித் தட்டிக் கேட்டார். "ரெண்டு மூணு கம்பிதான் லேசா இறங்கியிருக்கு. மத்ததெல்லாம் சரியா இருக்கு, மேடம்" என்றார்.

இறங்கியிருக்கிறதாம். ஏறவில்லையாம்.

ஜனவரி 27

டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறதாம். "வயசுக்கு ஏத்த தொண்டை" என்றார். வயதுக்கு ஏற்ற தொண்டை என்றால் என்ன?

பிப்ரவரி 1

நேற்று டான்காஸ்டரில் மறுபடியும் சுலபமாக வந்தது. ஒன்றும் புரியவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை எழுதியிருக்கிறது: "மிஸ் வினிஃப்ரெட் ஆஸ்க்வித்தின் மேல் சுரங்கள் இருபது ஆண்டுகளாக மாறவே இல்லை." ஈனிட் அதைக் கத்தரித்து வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஏன் பயம்?

பிப்ரவரி 6 – சனி

வேக்ஃபீல்ட். எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மதிய ஒத்திகை. லம் பியானோவில். பத்தொன்பது வருஷமாக எனக்கு வாசிப்பவர் அவர்தான். நான் எப்போதும் அவருக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்பவள். இன்று மண்டபத்தில் அப்படி ஒரு குளிர். சால்வை அவர் பக்கத்து நாற்காலியில் கிடந்தது. அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கப் போனேன்.

இசைத்தாளில் எழுதியிருப்பது வெள்ளைக் கட்டை. அவர் விரல் கறுப்புக் கட்டையில்.

முதலில் தப்பாக வாசிக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த கட்டை, அதற்கடுத்தது – எல்லாமே ஒரு முழுச்சுரம் கீழே. பாட்டு முழுவதையும் கீழே இறக்கி வாசித்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தபடியே, ஒரு தடுமாற்றம் இல்லாமல். எத்தனை நாள் பழக்கம் இருந்தால் அப்படி வரும்!

என் கை நிற்பதைப் பார்த்தார். வாசிப்பதை நிறுத்தினார். சால்வையை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். மாலையில் கச்சேரி. பாடினேன். எல்லாம் சுலபமாக வந்தது. கைதட்டினார்கள். கடவுளே.

பிப்ரவரி 7

தேவாலயத்துக்குப் போகவில்லை. ஈனிட்டிடம் தலைவலி என்றேன்.

பிப்ரவரி 9

ரயில் நிலையத் தேநீர்க் கடையில் லம்மைச் சந்தித்தேன். வீட்டுக்கு வரச் சொல்ல மனம் வரவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"மூணு வருஷமா. முதல்ல அரைச்சுரம். போன குளிர்காலத்துலேர்ந்து முழுசா ஒண்ணு."

"ஏன்?"

கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரையே போடுவதில்லை. "ரிப்பன் ஊர்ல, மேல் சுரம் தடுமாறின அன்னிக்கு, பாடிட்டு உள்ள வந்து, மேலங்கியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு நின்னீங்க. யாரும் பாக்கலைன்னு நினைச்சீங்க. என்னால தாங்க முடியலை, மிஸ் ஆஸ்க்வித்."

"உங்க பிழைப்பு போயிடும்னு பயம் இல்லையா?"

"அதுவும்தான். நீங்க நிறுத்திட்டா என்னை யார் கூப்பிடுவா? ஆனா அன்னிக்கு நான் அதை நினைக்கலை."

பொய் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். இதற்கு என்ன செய்வது?

பிறகு அவரே சொன்னார்: "புனித வெள்ளிக்கு ஹாலிஃபாக்ஸ்ல நீங்க பாடப்போறது வாத்தியக் குழுவோட. நாப்பது பேர். அவங்களை நான் இறக்க முடியாது. உங்ககிட்ட சொல்லணும், சொல்லணும்னு... ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னு தள்ளிக்கிட்டே வந்தேன்."

பிப்ரவரி 20

யாருக்குக் கைதட்டினார்கள் இந்த மூன்று வருஷம்? எனக்கா, லம் விரல்களுக்கா? பாடியது என் குரல்தானே. அழுதவர்கள் நிஜமாகத்தானே அழுதார்கள். ஒரு சுரம் கீழே போனால் துக்கம் குறைந்துவிடுமா என்ன?

அப்படியானால் எனக்கு ஏன் இவ்வளவு அவமானம்.

அவர்மேல் கோபமா என்றால் – இல்லை. இருக்கிறது. காலையில் இருக்கிறது, மாலையில் இல்லை.

ஈனிட்டிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு மேலேயும் கீழேயும் ஒண்ணுதான்க்கா. ஆனா அந்த மனுஷன் மூணு வருஷமா தனக்குள்ளயே வெச்சிருந்திருக்கார் பாரு" என்றாள். அவரைப் பாராட்டினாளா, திட்டினாளா? தெரியவில்லை.

மார்ச் 2

ஹாலிஃபாக்ஸ் போனேன். புனித வெள்ளி நிகழ்ச்சியின் இசை நடத்துநர் ஆலரன்ஷாவிடம் என்னால் முடியாது என்றேன். முன்னூறு பேர் கொண்ட பாடகர் குழுவை நடத்துகிறவர், குரலும் அதற்கேற்ற மாதிரி.

"ஆறே வாரம்தான் இருக்கு, தெரியுமில்ல? சுவரொட்டியெல்லாம் அடிச்சாச்சு!"

"தெரியும்."

"ஜலதோஷம்னா குணமாயிடும்."

"ஜலதோஷம் இல்லை."

பாடிக் காட்டச் சொன்னார். எழுதியபடியே, அதே உயரத்தில். அந்த இடம் வந்தது. கிழிந்தது. அவருக்கு முன்னால், பட்டப்பகலில். அவர் புத்தகத்தை மூடினார். "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி சொல்லணும். இப்ப எனக்கு வாயில வரலை" என்றார். வாசல்வரை வந்து குடையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

மார்ச் 3

பதினைந்து மணிநேரம் தூங்கினேன்.

ஏப்ரல் 16 – புனித வெள்ளி

போகக் கூடாது என்றிருந்தேன். போனேன். கடைசி வரிசை.

என் இடத்தில் ஷெஃபீல்டிலிருந்து ஒரு பெண், இருபத்தாறு வயதிருக்கும். அந்த உச்சச் சுரம் வரும்போது அவளுக்காக நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். அவளோ சும்மா நின்று பாடினாள். சுத்தமாக வந்தது. பொறாமைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை, அல்லது வந்து என்னைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டது.

ஆனால் அதற்கு முந்தைய பகுதி – தாழ்வாக, தனக்குள் பேசுவது போன்ற நாலு வரி – அதை அவள் ஓட்டிக்கொண்டே போய்விட்டாள், மேலே போக வேண்டும் என்ற அவசரத்தில். ஐயோ, அங்கே நில்லேன் பெண்ணே என்று இருந்தது. நானும் இருபது வருஷமாக அப்படித்தானே ஓடியிருக்கிறேன்? அந்த நாலு வரி இப்போது என் குரலுக்குள் எவ்வளவு சரியாக உட்காரும்.

என்ன இது, அழுகையும் பசியும் ஒன்றாக. வெளியே வந்து பொரித்த மீன் வாங்கித் தின்றேன்.

மே 11

லம்முக்குக் கடிதம். பதினான்கு பாட்டுகள், ஒவ்வொன்றையும் எந்தச் சுருதியில் வைப்பது என்று நானே எழுதிய பட்டியல். "இனிமேல் இறக்குவதாக இருந்தால் நான்தான் இறக்குவேன்" என்று ஒரு வரி. கடுமையாக இருக்கிறதோ? அந்த வரியை அடித்துவிடவில்லை. அனுப்பிவிட்டேன்.

மே 15

பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒன்பதாவது பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சில்: "இதை இறக்க வேண்டாம். உங்களால் முடியும்." நம்புவதா? இந்த மனிதரை?

அக்டோபர் 9 – சனி

ஸ்கிப்டனில் சின்ன மண்டபம், நூற்றிருபது பேர். நிகழ்ச்சித் தாளில் என் பெயர் மட்டும். உச்சக் குரல் பாடகி என்று சொல்லும் 'சொப்ரானோ' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவது பாட்டு பழைய உயரத்திலேயே. அது தொடங்கும்வரை எனக்கு நம்பிக்கை இல்லை. முடிந்த பிறகும் முழுசாக இல்லை. ஆனால் பாடிவிட்டேன்.

முடிந்ததும் ஒரு பெண்மணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "உங்க மேல் சுரம் இருபது வருஷமா அப்படியே இருக்கு, மிஸ் ஆஸ்க்வித்!"

"இல்லைங்க. எல்லாத்தையும் ஒரு சுரம் இறக்கியாச்சு. ஒரே ஒரு பாட்டுதான் பழைய இடத்துல இருக்கு."

"அப்படியா? எது?"

"நீங்களே சொல்லுங்களேன்."

யோசித்தார். ரொம்ப நிச்சயமாக நாலாவது பாட்டைச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு. அந்தப் பக்கம் மேலங்கியில் ஒரு கையை நுழைத்துக்கொண்டிருந்த லம், என்ன ஆயிற்றோ என்று பதறித் திரும்பிப் பார்த்தார்.