முனியசாமி சொன்ன ‘சரிங்கம்மா’

ஷார்ஜா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கௌரிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலிகூட இந்தக் குளிருக்கு அவ்வளவாகப் படுத்தவில்லை, நீயும் ஹூஸ்டனில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் காகிதமும் பேனாவும் எதற்கு என்பாய். போனில் என்றால் நீ குறுக்கே புகுந்து உன் கட்சியைப் பேசுவாய், இதில் அது முடியாது. லின் நாளைக்குக் கிளம்புகிறாள், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் அவளைப் பற்றித் தைரியமாகவே எழுதலாம். நான் கட்டிக்கொள்ள நினைக்கிற பெண் பத்து நாள் உங்களோடு இருக்கட்டும், அப்புறம் உன் மனசைச் சொல்லும்மா என்றாய் அல்லவா, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அமெரிக்காவில் இருக்கிற வியட்நாம்காரர்கள் நடத்தும் அழகிப் போட்டியில் கிரீடம் வாங்கியவள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே கவலைதான், பத்து நாளும் குளியலறை எங்களுக்குக் கிடைக்காது என்று. வந்தவளோ ஒரு முதுகுப்பை, ஒரு கேமரா, அவ்வளவுதான். கிரீடத்தைத் தலையணை உறையில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தாள். அப்பாவின் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கியிருக்கிற கேம்பில் யாராவது பார்க்க ஆசைப்பட்டால் காட்டலாம் என்று எடுத்து வந்தாளாம். இட்லி வேகிற நேரத்தில் யாரும் இல்லை என்று நான் அதை என் தலையில் வைத்துப் பார்த்தேன், பின்னாலேயே நின்று படம் எடுத்துவிட்டாள். அந்தப் படம் உனக்கு வந்திருந்தால் அழித்துவிடு, உன் சித்திக்கு அனுப்பினாயோ தொலைந்தாய். நம் பில்டிங் பெண்கள் கேம்பில் நடத்துகிற கண் பரிசோதனைக்கு என்னோடு வந்தாள். பட்டம் வாங்கிய வருஷம் முழுவதும் சேவை செய்ய வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதியாம், ஆனால் விதிக்காகச் செய்கிறவள் ஒவ்வொருவர் மூக்கிலும் கண்ணாடி சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

இப்போது அவள் எடுக்கிற ஆவணப்படத்தின் கதைக்கு வருகிறேன், இதில் தப்பு என்னுடையது. ஊரை விட்டு வந்து உழைக்கிற அப்பாக்களைப் பற்றிய படம். அப்பாவின் சைட்டில் சாரம் கட்டுகிற முனியசாமி உனக்கு ஞாபகம் இருக்கும், முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். லின் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன், உங்கள் கதையைக் கேமராவில் சொல்கிறீர்களா என்று. அவர் உடனே, "சரிங்கம்மா, நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார். நானும் சம்மதம் என்று மொழிபெயர்த்துவிட்டேன். நாற்பது நிமிஷம் பேசினார். உயரத்தில் நிற்கும்போது கால் நடுங்குவதையும், பதினோரு வருஷமாகியும் அந்த நடுக்கம் போகாததையும் சொல்லி அழுதேவிட்டார். என் படத்தில் இதுதான் உயிர் என்றாள் லின்.

மறுநாள் முனியசாமி டூட்டிக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத ஆள் என்று அப்பா யோசனையில் இருக்க, கேம்ப் சமையல்காரர் ஜெய்னுலாப்தீன் எனக்குப் போன் செய்தார். "அக்கா, அவன் நேத்துலருந்து ஒரு வாய் சாப்புடல. அவன் ஏசி ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்குறதாத்தான் அவன் பொண்டாட்டி சரசு நெனச்சிக்கிட்டிருக்கு. படம் ஊருக்குப் போயிருமோன்னு பயந்து கெடக்குறான். இன்ஜினியர் வீட்டம்மா கேட்டா மாட்டேன்னு எப்பிடிக்கா சொல்லுவான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வருஷாவருஷம் பொங்கலுக்கு உன் அப்பாவின் ஆபீஸ் நாற்காலியில் அவர் உட்கார்ந்து போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

லின்னிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. அவள் கோபித்துக்கொள்வாள், படவிழாவுக்கு அனுப்பக் கெடு நெருங்கிவிட்டது என்பாள் என்று நினைத்தேன். அவளோ, டெக்சாஸ் கடலில் இறால் பிடிக்கப் போன தன் அப்பாவும் படகு முதலாளி எதைக் கேட்டாலும் இப்படித்தான் தலையாட்டுவார் என்றாள். உடனே அப்பாவையும் கூட்டிக்கொண்டு கேம்புக்குப் போனோம். கேமராவை முனியசாமி கையில் கொடுத்து, எந்தப் பொத்தான் என்று காட்டி, அவரையே அழிக்கச் சொன்னாள். வேறு பிரதி இல்லை என்று என்னைச் சொல்லச் சொன்னாள். அப்புறம், முகம் இல்லாமல் கைகளை மட்டும் எடுக்கலாமா, பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மறுக்கலாம், யாருக்கும் வருத்தமில்லை என்று கேட்கச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் "வேணாம்மா" என்றார். லின்னுக்கு அது புரிந்துவிட்டது, கிரீடம் வாங்கிய அன்றுகூட அப்படிச் சிரித்திருப்பாளா தெரியாது. வரும்போது அப்பா காரில், "பதினோரு வருஷத்துல அவன் வேணாம்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். இன்றைக்கு முனியசாமி டூட்டிக்கு வந்துவிட்டார்.

ஆறு மாதத்துக்கு முன் நீ போனில் லின்னைப் பற்றிச் சொன்னபோது நான் "சரிப்பா" என்றேன், நீயும் சந்தோஷப்பட்டாய். அது முனியசாமி சொன்ன சரிதான் கண்ணா. ஏற்கெனவே தூரத்தில் இருக்கிற பிள்ளை, மாட்டேன் என்றால் இன்னும் தூரமாகிவிடுவானோ என்று பயந்து சொன்னது. போனை வைத்துவிட்டு அழுதேன், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அந்தச் சரியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவள் கேமராவை நீட்டியதைப் பார்த்தபிறகு சொல்கிறேன், எனக்குச் சம்மதம், முழு மனசோடு சம்மதம். யாருக்கும் பயந்து சொல்லவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் மனசை ஒருவர் கேட்டு நடந்து நீண்ட காலம் வாழ வேண்டும். பருப்புப்பொடி பையின் அடியில் இருக்கிறது, ஊறுகாயைத் தனியாகச் சுற்றியிருக்கிறேன், போனதும் எடுத்து ஃப்ரிட்ஜில் வை. இந்தக் கடிதத்தை லின்னுக்கு முழுவதும் படித்துக் காட்டு. நம் வீட்டில் வேண்டாததை வேண்டாம் என்றே சொல்லலாம் என்று அழுத்திச் சொல். இன்று காலை மூன்றாவது தோசையை அவள் "சரி, சரி" என்று சாப்பிட்டது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஜெயபாரதி