சின்னவள் பூசிய ஜெல்

பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம். நீ நலமாக இருப்பதை ஊருக்கெல்லாம் நீ போடும் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம், அந்த மட்டில் குறையில்லை.

நீ அனுப்பிய சுருள்முடி ஜெல் வந்து சேர்ந்தது. உனக்கு உன் அப்பாவின் முடி, சீப்பை ஒடிக்கும் சுருள். சின்னவளுக்கு என் முடி, நுனியில் மட்டும் லேசாக நெளியும். அவளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு வரி பதில்கூட எழுதாமல் உன் வீடியோவையே அனுப்பிவைத்தாய். அதில் நீ கை நிறைய அள்ளிப் பூசுகிறாய், அவளும் அள்ளிப் பூசினாள். ஈரத்தலையைக் கசக்கிக் கசக்கி மேலே தூக்கிவிட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கடை வேலைக்குப் போனாள். காலையில் நாலைந்து சுருள் நின்றதென்னவோ உண்மை. மதியத்துக்குள் எல்லாம் தொங்கி, மழையில் நனைந்த கோழி மாதிரி ஆகி, காய்ந்த ஜெல் வெள்ளை வெள்ளையாகக் கறுப்புச் சீருடையில் கொட்டியிருக்கிறது. கண்ணாடி விக்கிற கடையில நின்னுக்கிட்டு இது யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு நினைச்சியாம்மா என்று கடைக்காரர் வந்தவர்கள் முன்னாலேயே கேட்டாராம். வீட்டில் தலையைக் கழுவிக்கொண்டே, கொஞ்சம் நெளி இருக்கேம்மா, அக்கா மாதிரி வரும்னு பார்த்தேன் என்றாள். நெளிஞ்சதெல்லாம் பாம்பாயிடுமாடி என்று சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அங்கே வந்து உன் பக்கத்தில் நின்றால் உன் தங்கை என்று பார்த்தவுடனே தெரிய வேண்டுமாம்.

வேலை நிலைச்சதும் கூட்டிக்கிறேன், உள்ளறை உனக்குத்தான்டி என்று அங்கே வீடு எடுத்ததும் சின்னவளிடம் சொன்னாய். அதை நம்பித்தான், லென்ஸ் பொருத்தும் பயிற்சிக்கு அனுப்புகிறேன் என்று கடைக்காரர் சொல்லும்போதெல்லாம், அக்கா கூப்பிட்டுடுவா சார் என்று தட்டிக்கழிக்கிறாள். இந்த மாதம் முடிந்தால் அந்த இடம் இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும்.

அவள் உன் முடிக்காக அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான் அதில் உனக்குப் பின்னால் தெரிந்ததைப் பார்த்தேன். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் யாரோ படுத்து எழுந்த போர்வை, ஆணியில் உன் அளவுக்குச் சேராத கோட்டு, சுவரில் நமக்குத் தெரியாத ஒரு குடும்பத்தின் படம். அறையை வாடகைக்கு விட்டுவிட்டாய். உன் வீடு, உன் கஷ்டம், அதைக் கேட்க நான் யார். ஆனால் சொல்லியிருக்கலாம். சின்னவளிடம் மெல்லக் காட்டினேன், விருந்தாளியா இருக்கும்மா என்கிறாள். எந்த விருந்தாளி வந்த வீட்டில் தன் குடும்பப் படத்தை மாட்டுகிறாள். இன்னும் அழுத்திச் சொன்னால், என்னை இங்கயே கட்டிப்போடப் பார்க்கிறே என்பாள். நான் சொல்லி எடுபடாது.

அதனால் நீயே சொல். போனில் பூவும் இதயமும் அனுப்பி மழுப்பாதே. வாயைத் திறந்து, வராதே என்று சொல். அழுவாள், அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். நீ கூப்பிடுவாய் என்று அவள் இங்கே காத்திருந்து வீணாவதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, நன்றாக இரு. ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே. மாதக் கடைசி நினைவிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா