பல்லால் கட்டிய பட்டை

என்னங்க,

இத்தனை வருடம் உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போதும் வாய் வரவில்லை.

கீழே நம் குத்துச்சண்டைக் கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் கண்மூடிய பிறகும் சாயங்காலமானால் குத்துமூட்டையில் அடி விழும் சத்தமும், இப்போது மாஸ்டராக இருக்கிற உங்கள் சீடன் முருகேசனின் அதட்டலும் மாடிக்கு வரும். தரை அதிரும், மேசையில் டம்ளர் நடுங்கும். அதுதான் எனக்குத் துணை. இப்போது டம்ளர் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

கிழவிக்குத் திமிர் என்று ராயபுரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதைப் பத்திரிகையில் போடுகிறேன். முருகேசனும் படிக்கட்டும்.

காலடிப்பேட்டையில் ஒரு பார்லரில் வேலை செய்கிற பெண் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பெயர் தோம்பி, மணிப்பூர்க்காரி. அந்தப் பெயரை நான் மட்டும்தான் சொன்னேன். மற்றவர்களுக்கு அவள் 'சைனா'. நம் ஊர்ப் பேச்சை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். "இன்னா ஆன்ட்டி, காபி குட்ச்சிட்டியா?" என்பாள். நான் திருத்துவேன். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே சொல்வாள்.

நம் கூடத்துச் சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. யாரும் தன் கையில் தானே துணிப்பட்டை சுற்றிக்கொள்ளக் கூடாது. எதிரில் நின்று மோதப் போகிறவர்தான் சுற்றிவிட வேண்டும், பிறகுதான் கிளவுஸ். "அவன் வெரலப் புட்ச்சிப் பாரு, அப்பால அடி" என்பீர்கள்.

ஒரு சாயங்காலம் வாசல் விளக்கைப் போடுவதற்காக இறங்கினேன். தோம்பிக்கு ஜோடி நந்தினி. காசிமேட்டுப் பெண், நல்ல பிள்ளைதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் அது கையத் தொட மாட்டேன் மாஸ்டர். இன்னாத்தையெல்லாமோ துன்னுது."

"சைனா மாலு மச்சி, கேரண்டி கெடையாது," என்றான் ஒருவன்.

"நான் மணிப்பூர்ப்பா. எத்தினி தபா சொல்றது?" என்றாள் தோம்பி.

கூடமே சிரித்தது. முருகேசனும் சிரித்தான். "உடு, அவளே கட்டிக்கினு வரட்டும். அவங்களுக்கெல்லாம் ரத்தத்துலயே குங்ஃபூ கீது."

அவள் மூலைக்குப் போய், பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி இழுத்தாள்.

எனக்கு உங்கள் வாய்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களின் கிளப்பில் உங்கள் நிறத்தைப் பார்த்துக் 'கருவாடு' என்றார்கள். உங்கள் கையைத் தொட ஒருவரும் வரவில்லை. இப்படித்தானே பல்லால் கட்டிக்கொண்டு சண்டை போட்டீர்கள்? நம் சட்டம் அங்கிருந்து பிறந்தது என்பது முருகேசனுக்குத் தெரியும். நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தெரிந்தும் எப்படிச் சிரித்தான்?

"முருகேசா, அவ கையைக் கட்டிவிடாதவங்களுக்கு இங்கே பயிற்சி கிடையாது," என்றேன்.

"சும்மா தமாசு மம்மி. நீங்க மேல போங்க."

"தமாஷா இருந்தா அவளும் சிரிச்சிருப்பாளே?"

"எங்கியோ கீற ஒருத்திக்காவ எங்க அல்லாரையும் தொரத்துவீங்களா? டாடி இருந்தா இப்டி பண்ணுவாரா?"

"டாடி இருந்திருந்தா முதல்ல உன்னைத்தான் அனுப்பியிருப்பார்."

கூடத்துச் சாவியைக் கையில் எடுத்தேன். ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். டோல்கேட் பக்கம் வேறு இடம் பிடித்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் கொண்டுவந்து, "மம்மி, முள்ளு பாத்துத் துன்னு" என்று சொல்ல இனி ஆள் இல்லை. நமக்குப் பிள்ளை இல்லை. மம்மி என்று என்னைக் கூப்பிட்டது முருகேசன் ஒருவன்தான்.

நான் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சரியானதைச் செய்துவிட்டு இப்படித் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஏன் சொல்லவே இல்லை? நீங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களா?

நேற்று தோம்பி மட்டும் வந்தாள். நான்தான் பட்டை சுற்றிவிட்டேன். மூட்டுவலியில் வீங்கிய என் விரல்களால் சுற்றியதில் தளர்ந்துவிட்டது. அவிழ்த்து மறுபடி சுற்றினேன். கோணலாக எதையும் விட்டு எனக்குப் பழக்கமில்லையே. முடித்த பிறகும் அவள் மூட்டைப் பக்கம் போகவில்லை.

"கையக் குடு ஆன்ட்டி."

"எனக்கு எதுக்கு? நானா சண்டை போடப் போறேன்?"

"சட்டம்னா ரெண்டு பேருக்கும்தான? குடு."

உங்களை அடக்கம் செய்த அன்று எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் தள்ளி நின்று கும்பிட்டார்கள். அவள் விரல் விரலாகச் சுற்றினாள். நீங்கள் போட்ட மோதிரம் அழுத்தாமல் துணியை ஒதுக்கிவிட்டாள்.

அவள் ஒருத்தி குத்தினால் டம்ளர் நடுங்காது. காது கொடுத்தால் மட்டும் கேட்கிறது.

சாயங்காலமானால் கூடத்தைத் திறந்துவைப்பேன். இது உங்களுக்கு என் வாக்கு. முருகேசன் எப்போது வந்தாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். பட்டையை அவனிடம் கொடுப்பேன். தோம்பி கையை நீட்டுவாள். மிச்சம் அவன் பாடு. அதுவரைக்கும் அவள் கையை நான் கட்டிவிடுவேன், என் கையை அவள்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லா