பீரோவில் இருந்த கையுறை

மார்ச் 3, 2025, திங்கள்

சென்னையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் பூஜா வந்துவிட்டாள். ஆராய்ச்சியாம். அறுபது தாண்டிய நோயாளிகளுக்குத் தள்ளாமை எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஊழியர்களுக்குக் கையுறை, முகக்கவசம் பற்றி என்ன தெரியும் என்று பரீட்சையும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஆள் யார்? நான்தான், பரிமளா சிஸ்டர். முப்பது படுக்கைக்குப் பகலில் இரண்டே நர்ஸ். ஊசி போடவே கை போதவில்லை, இதில் ஸ்டாப்வாட்ச் வேறு.

வராந்தாவில் நாலு மீட்டர் நடக்க வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் ஆனால் தள்ளாமை. உத்திரமேரூர் பக்கத்துக் கிழங்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு எதற்குக் கடிகாரம்?

மார்ச் 4

எட்டுப் பேர் நடந்தார்கள். எட்டுப் பேருக்கும் தள்ளாமை. மானாம்பதி ஏழுமலை, எழுபது வயது, இன்றைக்கும் நெல்மூட்டையைச் சைக்கிளில் வைத்து மிதிக்கிறவர். அவருக்கு ஒன்பது நொடி! சுவரைப் பிடித்துக்கொண்டு என்ன நடிப்பு. முதியோர் பென்ஷனுக்கு ஆள் எடுக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல.

பூஜாவுக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப நல்ல டேட்டா, சிஸ்டர்!"

மார்ச் 6

பரீட்சை நடந்தது. ஆபீஸ் முதல் மருந்துக்கடை வரை எல்லோரும் இருபதுக்கு இருபது. விடைகளை நேற்றே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார் மேனேஜர் ஸ்ரீனி. நான் அதைப் பார்க்காமலே இருபது வாங்கினேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

துப்புரவு வேலை செய்யும் எல்லம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஆறாவது கேள்வி: குப்பைப் பை கட்டும்போது எந்தக் கையுறை அணிய வேண்டும்?

"பீரோவுல கீதே, அது."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தடித்த ரப்பர் கையுறை என்று சொல்ல வேண்டும். தப்பு போட்டேன். மொத்தம் மூன்று மார்க்.

பீரோவில் பன்னிரண்டு ஜோடி இருக்கிறது, வாஸ்தவம்தான். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வாங்கியது. பூட்டி வைக்கச் சொன்னவர் ஸ்ரீனி. சாவி என் இடுப்பில். வெளியே விட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகை கழுவுவார்கள். எனக்குத் தெரியாதா இவர்களை?

மார்ச் 10

இருபத்தாறு பேரில் இருபத்துமூன்று பேருக்குத் தள்ளாமை. தாலுகாவே படுத்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 12

எல்லம்மாள் கையில் ஊசி குத்திவிட்டது. வார்டுக் குப்பையை வெறுங்கையால் கட்டியிருக்கிறாள். ஊசியைக் கட்டரில் வெட்டித் தனி டப்பாவில் போடாமல் பஞ்சோடு பஞ்சாகக் குப்பையில் கொட்டிய முட்டாள் யார்? கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

அது இன்சுலின் ஊசி. இன்று காலையில் இன்சுலின் ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு மட்டும்தான். அவர் ரத்தத்தைச் சோதித்தால் மஞ்சள்காமாலை பி கிருமி இருக்கிறது. நர்ஸுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள், துப்புரவு ஆட்களுக்குப் போடவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து எதிர்ப்பு மருந்து வரவழைத்து, முதல் தடுப்பூசியோடு சேர்த்துச் சாயங்காலமே எல்லம்மாளுக்குப் போட்டாயிற்று. தொற்றியதா இல்லையா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் உறுதியாகும்.

"இன்னா சிஸ்டர், உன் மூஞ்சி ஏன் இப்டி கீது? குத்திச்சி எனக்குத்தான? ஒண்ணியும் ஆவாது" என்றாள் எல்லம்மாள்.

மார்ச் 13

ஏழாம் படுக்கைக்கு ஊசி போட்டது யார்?

நான். நேற்றுக் காலை ஒன்பதரை மணி. வராந்தாவில் கிழவர்கள் வரிசை. "சிஸ்டர், சீக்கிரம்" என்கிறாள் பூஜா. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச். சிரிஞ்சைத் தட்டில் வைத்தேன். அப்புறம் தட்டை எங்கே கவிழ்த்தேன்?

குப்பையில்தான். ஐயோ, நானேதான்.

ஊசியும் என்னுடையது, சாவியும் என்னிடம். யாரை நாலு கேள்வி கேட்கப் போகிறாய் பரிமளா?

மார்ச் 14

ஸ்ரீனி விபத்துப் பதிவேட்டை நீட்டினார். "கையுறை போடல, அஜாக்கிரதைன்னு எழுதிடுங்க சிஸ்டர். அந்தம்மாவ அனுப்பிட்டு வேற ஆள் பாத்துக்கலாம். டெஸ்ட்லயும் மூணுதானே?"

அந்த மூன்று நான் போட்டது. வேலையை விட்டு அனுப்பினால் மீதித் தடுப்பூசிக்கும் சோதனைக்கும் அவள் எங்கே போவாள்? அவளைத் தேடிக்கொண்டு யார் போவார்கள்?

கால்மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. பிறகு எழுதினேன்: 'சிரிஞ்சைக் குப்பையில் போட்டவர் பரிமளா. கையுறை பீரோவில் பூட்டியிருந்தது. சாவி பரிமளாவிடம். பூட்டச் சொன்னவர் மேனேஜர்.' கையெழுத்தும் போட்டேன். ஸ்ரீனி முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல ஆயிற்று.

மார்ச் 17

மறுசோதனைக்கு ஏழுமலை வந்தார். மறுபடி சுவரைப் பிடித்தார். ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்று இன்றுதான் கேட்டேன்.

"தர ஈரமா கீதும்மா. செருப்ப வாசல்லயே வுடச் சொல்லிட்ட. வழுக்கி வுளுந்தா நீயா தூக்குவ?"

ஒன்பதே காலுக்கு எல்லம்மாளைத் துடைக்கச் சொல்பவள் நான். ஒன்பதரைக்கு நடக்கச் சொல்பவளும் நான். மதியம் காய்ந்த தரையில் நடந்தார். நாலு நொடி.

பூஜாவின் நல்ல டேட்டா போயிற்று. அவளைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

ஏப்ரல் 2

மெமோ வந்தது. வார்டு பொறுப்பு போயிற்று. பீரோ பூட்டும் போயிற்று.

செப்டம்பர் 15, திங்கள்

எல்லம்மாளின் ரிசல்ட் வந்தது. கிருமி இல்லை. இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன். "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாள். இன்று இரண்டாம் சுற்றுப் பரீட்சை என்று நிறுத்தி வைத்தேன்.

ஆறாவது கேள்வியைப் படித்தேன். அவள் மஞ்சள் ரப்பர் கையுறை போட்ட கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கண்ணு தெரியலயா சிஸ்டர்? வேல கீது, சீக்கிரம் கேளு."

அவள் போன பிறகு மார்ச் மாதத்துத் தாளைத் தேடி எடுத்தேன். ஆறாவது கேள்விக்குச் சரி போட்டு, மூன்றை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன்.