தழை போட்ட பாதை

வெகுதானிய வருஷம், ஐப்பசி 9, காலை

அன்னக்கொடிக்கு,

ஆத்தா கோயிலுக்குப் போயிருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். அப்பா மலையடிவாரத்துச் சாப்டூருக்குப் போகிறேன். அண்ணனோடு சதுரகிரி ஏறிய பையன்கள் மூன்று பேரும் நேற்று இறங்கி வந்துவிட்டார்கள். முன்னால் நடந்த உன் அண்ணன் முத்திருளனை மட்டும் மூன்று நாளாகக் காணோம். நான் போய் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அழகர்மலைப் படிக்கே எனக்கு மூச்சு வாங்கும். "அனுப்புன ஆளு நீங்க, நீங்களே கூட்டிட்டு வாங்க" என்கிறாள் ஆத்தா.

பானையில் கம்மங்கூழ் இருக்கிறது. கெஞ்சியாவது அவளைக் குடிக்க வை. சாவி மாடத்தில். ஃபாரஸ்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்தால், அண்ணன் கட்டியிருந்தது பச்சைக்கரை வேட்டி என்று சொல்.

இதுவரை ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டு. இனி உனக்கு மட்டும்.

பாதை பிரிகிற இடத்தில் பச்சைத்தழை ஒடித்துப் போட்டிருந்தால் அதுதான் வழி, தைரியமாகப் போ என்று அவனுக்குச் சொன்னது நான்தான். நேற்றுப் பையன்களோடு வந்த, மலையிலேயே வாழும் பளியர் ஒருவர் சொன்னார்: "தழ போட்டிருந்தா இந்தப் பக்கம் வராதேன்னு அர்த்தம் சாமி. அங்கிட்டு வெறும் பள்ளம்."

அதைக் கேட்ட பிறகும் ஆத்தாளிடம், "நான் சொன்ன வழியில போகாம உன் மகன் வழி தப்பிட்டான்" என்றேன்.

விறகு நனைகிறது, உள்ளே எடுத்து வை.

அன்னக்கொடி, உனக்கு மட்டும் என்று எழுதியதையும் ஆத்தாளுக்கு வாசித்துவிடு. நான் திரும்பி வருவதற்குள் வாசித்துவிடு.