அழிக்கும் முன் தர வேண்டிய என் கணவரின் படங்கள்

அனுப்புநர்
அமலா (வயது 56),
க/பெ. காலஞ்சென்ற சாம்சன்,
கதவு எண் 2/118, மெயின் ரோடு,
வடக்குப்பட்டு, ஒரகடம் அருகில்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட சமூக நல அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: முதியோர் வீட்டுப் பராமரிப்பு – சென்னை பொன்னிழை ஹோம் கேர் நிறுவனம் – என் கணவரைப் பராமரித்த பதினான்கு மாதங்களில் எடுத்த வருகைப் பதிவுப் படங்களை 11.11.2025 அன்று அழிக்க இருப்பது – அழிக்காமல் நிறுத்தி நகல் பெற்றுத் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மேற்படி நிறுவனத்தின் பதில் கடிதம், நாள் 17.10.2025.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுகிறவரிடம்தான் முதலில் போனேன். ஆறு வரியில் எழுதிக் கொடுத்தார். அதில் 'மேற்படி நபர்' என்று இருந்தது. அது என் வீட்டுக்காரர் என்று எனக்கே தோன்றவில்லை. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் மகள் ஜாஸ்மின் இதை எழுதுகிறாள். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் இருபத்திரண்டு வருடம் கம்பெனி பஸ் ஓட்டினார். வாலாஜாபாத்திலிருந்தும் பென்னலூரிலிருந்தும் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவார். தன் வண்டியில் வந்த ஒருத்தருக்கும் லேட் பஞ்ச் விழுந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். 2024 ஏப்ரல் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பேச்சில் நாலைந்து வார்த்தைதான் மிஞ்சியது. தண்ணி, வலி, ஜாஸு, வண்டி. என் பெயர் அதில் இல்லை.

2. நீயே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். என் நாத்தனார் வாசலில் நின்றுகொண்டே, "கட்டினவனுக்கு ஆள் வச்சிட்டு, நீ ஊரானுக்குச் சோறு ஆக்கப் போறியே, இது இன்னா நாயம்?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காண்ட்ராக்டில் சமையல் வேலை செய்கிறேன். அந்த வேலையால்தான் எனக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. அந்த அட்டையால்தான் அவருக்கு ஸ்கேன், மாத்திரை, கை கால் பயிற்சி எல்லாம் நடந்தது. வேலையை விட்டால் அட்டை போய்விடும். பக்கத்தில் இருந்து பார்த்தால் வைத்தியம் கிடையாது, வைத்தியம் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்க முடியாது. இப்படித்தான் அம்மா எங்கள் நிலைமை இருந்தது.

3. 2024 ஜூன் மாதம் மேற்படி நிறுவனத்தில் பகல் நேரத்துக்கு ஆள் கேட்டோம். மாதம் இருபத்திரண்டாயிரம். என் சம்பளத்தைவிட அதிகம். மகள் செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். அவள் சம்பளமும் ஓ.டி.யும் அவருடைய பி.எஃப். பணமும் அதற்குப் போயின. வடக்குப்பட்டுக்கு எதற்குச் சென்னை ரேட் என்று கேட்டேன். எங்களுக்கு அதுவும் சிட்டிதான் என்றார்கள். ஆள் லீவு போட்ட அன்று மாற்று ஆள் கேட்டால் மட்டும், "அது அவுட்டர் மேடம், வர மூணு அவர் ஆகும்" என்பார்கள். அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஒரு பைசாவும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு மாதமும் பாக்கி வைத்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

4. வந்தவர் பெயர் அய்யாத்துரை. கோவில்பட்டிப் பக்கம். வயது ஐம்பதுக்கு மேல். லோடு ஏற்றும் வேலைக்கு ஒரகடம் வந்து, தன் தகப்பனாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட பழக்கத்தில் இந்த வேலைக்கு மாறியவர். என் கணவரை அண்ணாச்சி என்பார், என்னை மைனி என்பார். அவர் குளிப்பாட்டிய பிறகு என் கணவர் மேல் பவுடர் வாசனை வரும். நான் இரவு ஏழு மணிக்கு கம்பெனி வண்டியில் வந்து இறங்கும்போதும் அந்த வாசனை இருக்கும்.

5. அந்த ஹோம் கேர் கம்பெனியிலிருந்து தினம் மூன்று தடவை என் போனுக்கு மெசேஜ் வரும். காலை ஏழு மணி, மத்தியானம் இரண்டு மணி, சாயங்காலம் ஆறு மணி. இங்கிலீஷில் இருக்கும். எனக்கு வாசிக்க வராது. வந்தால் ஆள் இருக்கிறார், இவர் சாப்பிட்டுவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று நானாக அர்த்தம் வைத்துக்கொண்டேன். கேன்டீனில் போன் வைத்துக்கொள்ள முடியாது, லாக்கரில் போட வேண்டும். டீ இடைவேளையில் ஓடிப் போய் லாக்கரைத் திறந்து பார்ப்பேன். என்னோடு வேலை செய்யும் சந்திரம்மாள், "இன்னாக்கா, வூட்டுக்காரரு லவ் லெட்டர் போட்டுக்கீறாரா?" என்று கேலி செய்வாள். ஆமாம் என்பேன்.

6. சில நாள் மத்தியான மெசேஜும் சாயங்கால மெசேஜும் வராது. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்கூட வராமல் போனது. அய்யாத்துரை அவரைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகிறார் என்று நினைத்துவிட்டேன். கேட்டால், "இங்கனதாம் இருந்தேன் மைனி" என்று மட்டும் சொல்வார். எனக்குச் சந்தேகம் கூடியது. 2024 அக்டோபரில் அவர் மேல் நிறுவனத்துக்குப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவுட்டருக்கு வேறு ஆள் இல்லை என்று அவரையே தொடர்ந்து அனுப்பினார்கள். அம்மா அவர்களே, அந்தப் புகார் பொய். தெரியாமல் கொடுத்தேன் என்றாலும் பொய் பொய்தான். அது எப்படி என்பதை எட்டாவது பத்தியில் சொல்கிறேன்.

7. 12.08.2025 செவ்வாய்க்கிழமை இரண்டு மணி மெசேஜ் வந்திருந்தது. மூன்று மணிக்குப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்து நிம்மதியாக டீ குடித்தேன். நாலு மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போய்ச் சேரும்போது அய்யாத்துரை அவருக்குத் தலை வாரிவிட்டு, தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். மறுபடியும் பக்கவாதம் என்றார்கள். ஆறு மணிக்கு மெசேஜ் வரவில்லை. வராது என்று தெரியும். ஆனாலும் போனை எடுத்துப் பார்த்தேன்.

8. அஞ்சலி பேனருக்குப் படம் தேடினோம். கல்யாண ஆல்பம் 2015 வெள்ளத்தில் ஒட்டிப்போனது. மகள் போனில் இருந்ததெல்லாம் விசேஷ வீட்டுக் கூட்டத்தில் அவர் ஓரமாக நிற்பவை. படுத்த பிறகு வாய் கோணலைக் கண்டு கூச்சப்பட்டு, மகள் போனைத் தூக்கினால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார். கடைசியில் பழைய டிரைவிங் லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் போட்டோம். துக்கத்துக்கு வந்தவர்கள், இது சாம்சனுடைய தம்பியா என்று கேட்டார்கள்.

அப்போதுதான் அய்யாத்துரை சொன்னார். "படம் இல்லைன்னா சொல்லுதிய மைனி? ஒரு நாளைக்கு மூணு வீதம் நான்லா எடுத்து அனுப்பிருக்கேன்." எனக்கு வந்த மெசேஜ் அந்தப் படங்களுக்கு உரியது. வேலைக்கு வந்ததற்குச் சாட்சியாக, ஆள் முகமும் நோயாளி முகமும் சேர்ந்து தெரியும்படி கம்பெனி போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பியதும் போனில் தங்காதாம். முகம் சரியாகத் தெரியாவிட்டால் கம்ப்யூட்டரே தள்ளிவிடும், எனக்கு மெசேஜ் வராது, அய்யாத்துரைக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். தள்ளிய படமும் கம்பெனி கம்ப்யூட்டரிலேயே கிடக்குமாம். இத்தனையும் எனக்குத் தெரியாது.

போர்வையை இழுக்கிறவர் இவருக்கு எப்படி முகத்தைக் காட்டினார் என்று கேட்டேன். "இது டூட்டி கையெழுத்து அண்ணாச்சி, இல்லைன்னா எனக்குச் சம்பளம் கிடையாதுன்னேன். உடனே போர்வைய இறக்கிட்டாக" என்றார். டூட்டி என்றால் என் கணவர் அப்படித்தான்.

படங்கள் ஏன் தள்ளுபடியாயின என்பதையும் சொன்னார். எங்கள் வீட்டு ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. கட்டில் ஜன்னலோரம். இரண்டு மணிக்கு முதல் ஷிப்டு விட்டு வண்டிகள் போகும், ஆறு மணிக்கு ஜெனரல் ஷிப்டு வண்டிகள் போகும். படம் எடுக்கும் நேரமும் அதுதான். வண்டிச் சத்தம் கேட்டதும் என் கணவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவார். "மைனி வார வண்டி இது இல்ல அண்ணாச்சி, அது ஏழு மணிக்கு" என்று இவர் சொன்னாலும் கேட்க மாட்டாராம். படுத்த பிறகு அவருக்கு மணி தெரியவில்லை. ஒரு வண்டி விடாமல் பார்ப்பாராம்.

என் புகார் வந்த பிறகு இரண்டு வாரம், படம் எடுக்கும்போது என் கணவரின் தாடையைப் பிடித்து ரோட்டுப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திருப்பி எடுத்தாராம். "ஒரு நாள் அண்ணாச்சி கண்ணுல தண்ணி வந்துட்டு. அன்னையோட விட்டுட்டேன்" என்றார். அதன் பிறகு அய்யாத்துரையே ஒரு வழி செய்தார். ஜன்னலோரம் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, போன் பிடித்த கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, வெளியிலிருந்து உள்ளே பார்க்கும்படி எடுத்தார். அவர் ரோட்டைப் பார்த்தபடியே இருக்கலாம், கம்ப்யூட்டருக்கும் முகம் கிடைத்துவிடும். அதற்கப்புறம் மெசேஜ் தவறியதில்லை.

இதை ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா கட்டில ஜன்னலவிட்டு மாத்திப் போட்ருவியளோன்னு பயம் மைனி" என்றார். சம்பளம் போனாலும் அதற்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்.

9. நிறுவனத்துக்கு நேரில் போனேன். மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "மேடம், அது எங்க ஸ்டாஃப் அட்டெண்டன்ஸ், கஸ்டமருக்குக் குடுக்க மாட்டோம்" என்றாள். எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது. வருகைப் பதிவு நிறுவனத்தின் சொந்த ஆவணம், ஒப்பந்தம் முடிந்த தொண்ணூறாம் நாள் தானாக அழிந்துவிடும், அரசு அலுவலர் எழுத்தில் கேட்டால் பரிசீலிப்போம் என்று அதில் உள்ளது. ஒப்பந்தம் 13.08.2025 அன்று முடித்துக்கொண்டார்கள். தொண்ணூறாம் நாள் வரும் நவம்பர் பதினொன்று. இன்றைக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

தாலுகா அலுவலகத்தில் கேட்டபோது, இதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுதத் தெரியவில்லை. தங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். பதினான்கு மாதம், ஞாயிறு தவிர, அவருடைய பகல் முழுவதும் அந்தக் கம்பெனியில் இருக்கிறது. அந்தப் பகலுக்குக் காசு கட்டுவதற்காக நான் வேறு இடத்தில் இருந்தேன். நான் வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இறங்குவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாது. அது அந்தப் படங்களில்தான் இருக்கிறது.

10. ஆகவே அம்மா அவர்கள் கருணை கூர்ந்து, நவம்பர் பதினொன்றுக்குள் மேற்படி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, படங்களை அழிக்காமல் நிறுத்தி வைக்கவும், அவற்றின் நகலை எனக்குத் தரவும் உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். படங்களில் அய்யாத்துரை முகமும் இருப்பதால், தனக்குச் சம்மதம் என்று அவர் எழுதிக் கொடுத்ததை இணைத்திருக்கிறேன். என் பொய்ப் புகாரால் அவரை இன்னும் நிரந்தரமாக ஒரு வீட்டுக்கும் அனுப்பாமல், லீவு ஆளுக்குப் பதிலாக மட்டும் அனுப்புகிறார்கள். அந்தப் புகாரை நான் இந்த மனுவின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்வதையும் தங்கள் கடிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

எல்லாப் படங்களையும் தர முடியாது என்று அவர்கள் சொன்னால், சரியில்லை என்று தள்ளிய படங்களை மட்டுமாவது கேட்டு வாங்கித் தாருங்கள். அவை அவர்களுக்கு எதற்கும் உதவாது. அவற்றில் அவர் முகம் முழுதாகத் தெரியாது, ஜன்னல் பக்கம் திரும்பி இருக்கும். எனக்கு அது போதும்.

இணைப்பு: இறப்புச் சான்று நகல், ஒப்பந்த நகல், நிறுவனத்தின் பதில் கடித நகல், அய்யாத்துரையின் சம்மதக் கடிதம்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 27.10.2025

தங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சா. அமலா